ஊசுட்டேரிக் கிளுவையும் என் கடைவாய்ப் பல்லும்

அம்பாசமுத்திரம் ஆபீசில் எனக்குப் புலியோடு வேலை. காட்டுக்குள் போய்ப் புலியைத் தேடுவது வேறு ஆட்களின் பாடு. புலி என்று ஒன்று இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் பாடு. இந்தக் கதை தொடங்கும்போது வேலையில் சேர்ந்து எட்டு வருடம் ஆகியும் ஒரு புலியைக்கூட நான் நேரில் பார்த்திருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் குறுக்கே கேட்கக் கூடாது.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த தை மாதம். புதுச்சேரிப் பொருட்காட்சியில் ஓர் அரங்கம் காலியாக இருக்கிறது, வனவிலங்கு பற்றி ஏதாவது வைக்க முடியுமா என்று கடிதம் வந்தது. எங்கள் அதிகாரி என்னையும் காகிதக்கூழில் செய்த ஆளுயரப் புலி ஒன்றையும் அனுப்ப உத்தரவு போட்டார். அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. புதுச்சேரியில் அந்தத் தொல்லை கிடையாது. நான் காப்பியைத் தவிர வேறு எதையும் குடிப்பதில்லை என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"ஏவே, ஒண்ணுங் குடிக்காத ஆளப் புடிச்சுப் புதுச்சேரிக்கு அனுப்புதாங்களே, இது அடுக்குமா?" என்று தலைமை எழுத்தர் வாய்விட்டுப் புலம்பினார். புலம்பி முடித்ததும், வாங்கிவர வேண்டிய பாட்டில்களின் பட்டியல் ஒன்றை என் சட்டைப்பையில் திணித்தார்.

விழுப்புரத்தில் பஸ் மாறும்போது கண்டக்டர் என் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, சாமியா?"

"புலி."

"உள்ள ஏத்தினா ஜனம் எறங்கிடும். மேல போடுங்க. லக்கேஜ் டிக்கெட் உண்டு."

மேலே போட்டோம். வழியில் ஓர் ஆலமரத்து விழுது புலியின் வாலைப் பிடுங்கிக்கொண்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஓடிப்போய்ப் பார்த்தேன். வால் வயலுக்குள் விழுந்திருந்தது, அதை ஒரு நாய் மோந்துகொண்டிருந்தது. நான் கிட்டே போவதற்குள் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அரசாங்கப் பொருள் நாயோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

புதுச்சேரியை நான் பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். பாதி சரிதான். தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க் கடலில் முடிந்தன. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் வாலில்லாத என் புலிக்கு வழிவிட்டு நின்றார். எங்கள் ஊரில் விடிந்தால் இட்லி வாசம் வரும், இங்கே முழங்கை நீள ரொட்டியை விறகு மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் சைக்கிளில் போனார்கள். ஆனால் டீக்கடை வாசலில் நடந்த சண்டை எங்கள் ஊர்ச் சண்டைதான். அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

லாட்ஜ் மேனேஜர் நான் தங்கலாம் என்றார், புலி தங்கக் கூடாது என்றார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்தான் வழி சொன்னார்.

"முத்தியால்பேட்டைல சொல்தா வூட்ல ஒரு ரூம் இருக்குது சார். அவரு ஆப்பிரிக்காவுல சிங்கத்தையே பாத்தவரு. இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு வந்தவர்களை அந்த ஊரில் சொல்தா என்பார்கள். இந்தச் சொல்தாவின் பெயர் அந்துவான். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, மீசையை மெழுகு போட்டு நிறுத்தியிருந்த மனிதர். கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, புலியைப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"வால் எங்க முசியே?"

"நாய் தூக்கிட்டுப் போயிட்டுது."

"எந்த ஊர்ல?"

"விழுப்புரத்துக்குக் கிழக்க. ஊர் பேர் தெரியல."

"தெரிஞ்சு வச்சிக்கணும்," என்றார் மிகவும் கவலையாக. பிறகு உள்ளே போய்த் தாம்புக்கயிறு ஒன்றை எடுத்துவந்து, கறுப்பும் மஞ்சளுமாகச் சாயம் பூசி, முன்பிருந்ததைவிட நல்ல வால் ஒன்றை ஒரு மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார். அந்த நிமிடம் முதல் அந்தத் தெருவில் எனக்குப் பெயர் புலி சார். அந்துவானுக்கு மட்டும் முசியே தீக்ர். பிரெஞ்சில் ஐயாவுக்கு முசியே, புலிக்குத் தீக்ராம்.

அவர் மனைவி ஆரோக்கியம், ஏரிக்கரை ஊர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். மில் சங்கு ஊதினால் உலை வைப்பார், அடுத்த சங்குக்குச் சோறு வடிப்பார். கடிகாரம் அவர்கள் வீட்டில் அலங்காரத்துக்கு மட்டும்தான்.

பொருட்காட்சியில் என் அரங்கத்துக்குக் கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. 'புலியைக் காப்போம்' என்று எழுதிய பெரிய தாளுக்குக் கீழே புலி நின்றது. குழந்தைகள் அதன் வாயில் கையை விட்டார்கள். பெரியவர்கள் கேள்வியை விட்டார்கள்.

"இது எங்க இருக்குது சார்?"

"எங்க பக்கம், முண்டந்துறை மலையில."

"அப்ப நீங்கதான காப்பாத்தணும்? எங்களாண்ட வந்து சொன்னா நாங்க இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. அந்த ஊரில் காடு கிடையாது. கடலும் ஏரியும் தென்னந்தோப்பும்தான். ஆனால் எங்கள் துறைக்கு அப்போது காப்பாற்றுவது என்றால் புலி, புலி என்றால் காப்பாற்றுவது. மேலிடத்திலிருந்து வாசகம் வரும், நாங்கள் அதைத் தாளில் அடித்துத் தொங்கவிடுவோம், ஜனங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த அரங்கத்தில் பஜ்ஜி தின்னப் போவார்கள். வனவிலங்குச் சட்டத்தைச் சுருக்கி அச்சடித்த துண்டுப் பிரசுரமும் ஒரு கட்டு கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாங்கியவர்கள் யாரும் படிக்கவில்லை. கொடுத்த நானும் படித்ததில்லை.

மூன்றாம் நாள் மதியம் அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். அதுவரை நான் சாப்பிட்ட கறிக்குழம்பெல்லாம் குழம்பே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வடகத்தைத் தாளித்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு, சின்னச் சின்னப் பறவைகளை முழுசு முழுசாக வேகவைத்திருந்தார். எங்கள் பக்கம் சொதியும் அவியலும் உலகத்திலேயே உசத்தி என்று வாதாடுகிற ஆள் நான். அன்றைக்கு வாதாடவில்லை. வாய் காலியாக இருந்தால்தானே வாதாட முடியும்.

ஒன்று முடிந்தது. இரண்டாவதைப் பாதி தின்றிருப்பேன், கடைவாயில் கடக் என்று ஒரு சத்தம். உயிர் போகிற வலி. கையை வைத்துத் துப்பினால் பாதிப் பல்லும், கூடவே மிளகு அளவில் ஓர் ஈயக் குண்டும் வந்து விழுந்தன.

"ஐயையோ, குண்டு ஒண்ணு தங்கிடுச்சே!" என்று அக்கா தலையில் கைவைத்தார்.

"எந்தக் குண்டு?"

அந்துவான் விளக்கினார். இது கிளுவை, வாத்தில் சின்ன வகை. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, ஊருக்கு மேற்கே இருக்கும் ஊசுட்டேரியில் இறங்கும். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு முன்னால் போய்ச் சுட்டுக்கொண்டு வருவார். பூசை முடிந்து வந்து உரிப்பார்.

எனக்கு எதிரே சுவரில் சாத்தியிருந்த துண்டுப் பிரசுரக் கட்டைப் பார்த்தேன். ஒன்றை உருவினேன். கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக அதை முழுசாகப் படித்தேன். பட்டியலில் வாத்து வகையெல்லாம் இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் சுடுவது குற்றம் என்றும் இருந்தது.

"அண்ணே, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"துப்பாக்கிக்கு இருக்குதே."

"துப்பாக்கிக்கு இல்ல. கிளுவைக்கு."

"கிளுவைக்கு லைசென்ஸா?" அந்துவான் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "முசியே, நீங்க புலியத்தான சொன்னீங்க? மூணு நாளா நானும் வந்து கேட்டுக்கினுதான இருக்கேன். கிளுவையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே?"

பல் வலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கன்னத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இலையில் பாதிக் கிளுவை மிச்சம் இருந்தது. அதையும் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். அக்கா அதற்குமேல் இன்னொன்றும் வைத்தார்.

பல் டாக்டரிடம் போய்வந்த பிறகு அந்துவான் ஓர் அட்டை போட்ட நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பிரெஞ்சில் அவர்கள் கய்யே என்கிற நோட்டு. பட்டாளத்தில் அவருக்கு வெடிமருந்துக் கிடங்கில் வேலை. ஒரு தோட்டா வெளியே போனால் அது எங்கே போனது, எதன்மேல் பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பியும் விடவில்லை. என்றைக்கு ஏரிக்குப் போனார், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் படி வரைக்கும், எந்தெந்தப் பறவை கண்ணில் பட்டது, எதைச் சுட்டார், யார் சாப்பிட்டார்கள், எல்லாம் அதில் உண்டு.

"இதெல்லாம் எதுக்குண்ணே?"

"தோட்டா போயிருக்குதே முசியே. எழுதாம எப்படி விடறது?"

திரும்பும்போது எல்லைச் சாவடியில் போலீஸ்காரர்கள் பாட்டில் இருக்கிறதா என்று புலியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். வயிறு காலிதான். என் வயிற்றை யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பேன். தலைமை எழுத்தர் பாட்டில் வராத கோபத்தில் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பத்து வருடம் போயிற்று. அதற்குள் எங்கள் ஆபீசில் வார்த்தையெல்லாம் மாறிவிட்டது. வனவிலங்கு என்று எழுதிய இடத்தில் சுற்றுச்சூழல் என்று எழுதச் சொன்னார்கள். நாங்களே கட்டுக்கட்டாகக் கொடுத்து நடச் சொன்ன தைல மரத்தை, தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று காலேஜ் பையன்கள் எங்கள் வாசலில் நின்றே திட்டினார்கள். முன்பு நாங்கள் பேசுவோம், ஜனங்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது அவர்கள் பேசினார்கள், நாங்கள் ஃபைலைத் தேடினோம்.

அப்படிப்பட்ட நேரத்தில் புதுச்சேரியிலிருந்து மறுபடி ஒரு கடிதம். செலின் என்கிற பிரெஞ்சு டீச்சர் மாணவர்களைச் சேர்த்து ஓர் இயற்கைச் சங்கம் நடத்துகிறார். ஊசுட்டேரியில் விசைப்படகு விட ஒரு திட்டம் வந்திருக்கிறது, அதை விசாரிக்கக் குழு உட்காரப் போகிறது, பறவைகளைப் பற்றிப் பேச ஒரு நிபுணர் வேண்டும். எங்கள் ஆபீசில் நீர்ப்பறவை தெரிந்தவர் யாரும் இல்லை. புதுச்சேரி தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'முன் அனுபவம் உள்ளவர்' என்று எழுதி என்னை அனுப்பினார்கள். பேசுவதற்கு உதவியாக இருக்கும் என்று புலிப் படங்களையும் கொடுத்தார்கள். எங்கள் பக்கமும் சாராயக்கடை திறந்துவிட்டதால் பாட்டில் பட்டியல் மட்டும் இல்லை.

இந்தத் தடவை பஸ்ஸில் எனக்கே இடமில்லை. படியில் தொங்கியபடி போய் இறங்கினேன், செருப்பில் ஒன்று விழுப்புரத்திலேயே தங்கிவிட்டது. ஊர் வீங்கியிருந்தது. தட்டாஞ்சாவடிப் பக்கம் பட்டறைகளும் மேட்டுப்பாளையம் பக்கம் கம்பெனிகளுமாக எழும்பியிருந்தன. வழியில் ஒரு வாய்க்கால் காலையில் ஊதாவாகவும் சாயங்காலம் பச்சையாகவும் ஓடுவதாகப் பக்கத்தில் தொங்கியவர் சொன்னார். "புள்ளைங்க அதுக்குப் பாட்டு கட்டித் தெருவுல ஆடுதுங்க சார். நான் அந்தக் கம்பெனிலதான் வேலை பாக்கறேன். ஆனாலும் பாட்டு நல்லா இருக்குது," என்றார்.

ஒற்றைச் செருப்போடு முத்தியால்பேட்டை வீட்டில் நுழைந்தேன். அந்துவானின் மீசை வெளுத்திருந்தது, நிற்பது மட்டும் நின்றது. துப்பாக்கி தொங்கிய ஆணியில் தொலைநோக்கி தொங்கியது. இயற்கைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னண்ணே, என் துண்டுப் பிரசுரம் வேலை செஞ்சிட்டுதா?"

"உங்க புலி ஒண்ணும் சொல்லல முசியே. இந்த கய்யேதான் சொல்லிச்சு." மேசை மேலிருந்த பழைய நோட்டையும் புதிய நோட்டையும் விரித்துக் காட்டினார். பழையதில் ஒரு நாள் பார்த்த பறவைகளை எழுதவே ஒரு பக்கம் போயிருந்தது. சில வருடங்கள் கழித்து அரைப் பக்கம். கடைசியாகச் சுட்ட வருடத்தில் இரண்டே வரி. "அன்னிக்கு எழுதி முடிச்சிட்டுப் பாக்கறேன், கய்யேல இடம் மிச்சமா கெடக்குது. துப்பாக்கியக் கொண்டுபோயி போலீஸ்ல குடுத்துட்டு வந்துட்டேன்."

செலின் டீச்சர் சாயங்காலம் வந்தார். முப்பது வயதுக்குள்தான், பேச்சில் மட்டும் தலைமை ஆசிரியை. மாணவர்கள் இரண்டு வருடமாக ஏரியில் பறவை எண்ணிவருகிறார்கள், இரண்டு வருடப் பதிவைக் குழு மதிக்காது, பழைய பதிவு இருந்தால்தான் ஏரி பிழைக்கும் என்றார். அந்துவானின் நோட்டுகளைக் கேட்டார். அந்துவான் அவற்றைச் சட்டென்று மூடினார்.

"அதுல எழுதினது பூரா நான் சுட்டது. கேஸ் போட்டா பென்ஷன நிறுத்திடுவாங்க. நானும் இவளும் இன்னா பண்றது?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா அதுக்குப் பேனா வாங்கியே வூடு ரொம்பிப் போச்சு. ஒரு நாளைக்காச்சும் அது ஒதவட்டுமே. பென்ஷன் போனா எங்க அண்ணன் வூட்டு நெலத்துல களை எடுத்துப் பொழச்சிக்கலாம்."

அந்துவான் அலமாரியிலிருந்த மற்ற நோட்டுகளையும் எடுத்து அடுக்கினார், மொத்தம் ஏழு. பிறகு, "கொண்டுபோங்க டீச்சர்," என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த மதியச் சாப்பாடு ஞாபகம் வந்தது. அந்த வருடம் எனக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வர வேண்டும். வனவிலங்கு விளம்பரத்துக்கு அரசாங்கச் செலவில் போனவன், போன இடத்தில் வனவிலங்கையே தின்றுவிட்டு வந்தான் என்று தெரிந்தால் பதவி உயர்வாவது, உள்ள பதவி தங்குமா என்பதே சந்தேகம். டீச்சர் போனதும் அந்துவானைத் தனியே பிடித்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சாப்பிட்டதையும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதாம? ஆனா பேரப் போடல. முசியே தீக்ர்னுதான் போட்டிருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அன்று சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. குண்டு இருக்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் வாயில் போட்டேன்.

மறுநாள் கடற்கரைக்குப் பக்கத்தில் ஓர் அலுவலக அறையில் குழு உட்கார்ந்தது. கண்ணாடி போட்ட நிதானமான ஓர் அதிகாரி தலைவர், கூட இரண்டு உறுப்பினர்கள். படகுத் திட்டம் போட்ட எஞ்சினீயர் அவருக்கு வலப்பக்கம். எதிரே மாணவர்களும் ஏரிக்கரைக்காரர்களும், பிளாஸ்கில் காப்பியோடு அக்காவும். என்னைப் பேசச் சொன்னார்கள். நீர்ப்பறவைகள் தண்ணீரில் வாழ்பவை என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாததால் புலிக்குத் தாவினேன். தலைவர் தண்ணீர் குடித்தார். நானும் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

எஞ்சினீயர் எழுந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், படகு விட்டால் ஊருக்கு நல்லது என்று நம்பியவர். "பறவை இல்லேன்னு நான் சொல்லல சார். எத்தினி வருஷமா வருது? போன வருஷம் வழி தவறி வந்ததா இருந்தா? பதிவு எங்க?"

அந்துவான் ஏழு நோட்டுகளையும் மேசையில் அடுக்கி, பட்டாளத்துக்காரராக விறைத்து நின்றார். "எல்லாம் நான் எழுதினது சார். சுட்டதும் நான்தான்."

"பழைய கேஸ விசாரிக்க நான் உக்காரல. உக்காருங்க பெரியவரே," என்றார் தலைவர். அந்துவான் நோட்டுகளின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

எஞ்சினீயர் புரட்டிப் பார்த்தார். "போன மாசம் உக்காந்து ஏழையும் எழுதியிருக்கலாமே? உள்ளூர்க்காரங்க எல்லாம் ஒரே கட்சி. வெளியூர் ஆளு ஒருத்தர், ஒரே ஒரு பக்கத்துக்குச் சாட்சி சொல்லட்டும். நான் உக்காந்துடறேன்."

செலின் டீச்சர் பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பிரெஞ்சில் வாசித்து உடனே தமிழில் சொன்னார்.

"காற்று வடகிழக்கு. தண்ணீர் மூன்றாம் படி. கிளுவை நிறைய, எண்ண முடியவில்லை. ஊசிவால் வாத்து ஒரு கூட்டம். உள்ளான் கரையோரம். சுட்டது கிளுவை ஐந்து. சாப்பிட்டவர்கள்: நான் இரண்டு, ஆரோக்கியம் ஒன்று, விருந்தாளி இரண்டு. விருந்தாளி வெளியூர், பெயர் திருவாளர் புலி. சேதம்: விருந்தாளியின் கடைவாய்ப் பல், வலது, பாதி."

அறையே சிரித்தது. தலைவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எஞ்சினீயர் கையை விரித்தார். "பாருங்க சார், புலி வந்து விருந்து சாப்பிட்டுப் போயிருக்குது. இதப் பதிவுன்னு நான் ஒத்துக்கணுமா?"

தலைவர் அந்துவானைப் பார்த்தார். "இது யார் பெரியவரே? எந்த ஊர்? இப்ப எங்க இருக்கார்?"

அந்துவான் என் பக்கம் திரும்பவே இல்லை. மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல சார்," என்றார்.

நாய் கவ்விய வாலுக்குக்கூட ஊர் பெயர் கேட்ட மனிதர். ஒரு தோட்டாவைக்கூட மறைத்து எழுதத் தெரியாதவர். தன் பென்ஷனையே மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பதவி உயர்வுக்காக ஒரு பொய் சொல்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குமேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"அந்தப் புலி நான்தான் சார்," என்றேன்.

நிபுணர் என்று என்னை உட்காரவைத்திருந்த மேசையை எல்லோரும் பார்த்தார்கள்.

"நீங்களா? நீங்க வனவிலங்குத் துறை ஆச்சே?"

"ஆமா சார். புலியக் காப்பாத்தச் சொல்லத்தான் வந்தேன். வந்த எடத்துல கிளுவையச் சாப்பிட்டேன். தெரியாம ஆரம்பிச்சேன், தெரிஞ்சு முடிச்சேன்."

எஞ்சினீயர் லேசில் விடுகிற ஆளா. மேசை விளக்கை என் பக்கம் திருப்பினார். "வாயத் தொறங்க." திறந்தேன். வலது கடைவாயில் பாதிப் பல் பத்து வருடமாக அப்படியேதான் இருந்தது. குழுவினர் மூன்று பேரும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். அரசாங்கம் என்னை இவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டீச்சர், அதுல ஒண்ணு தப்பா இருக்குது. அவரு துன்னது ரெண்டு இல்ல, மூணு."

அந்துவான் நாற்காலியோடு திரும்பினார். "இன்னா மூணு? அப்ப உன் கணக்கு?"

"நான் எங்க துன்னேன்? பல்லு ஒடைஞ்சும் மனுசன் அவ்ளோ ஆசையா சாப்பிடறாரு. எம் பங்கையும் அவருக்கே வச்சிட்டேன். நான் வெறுங் கொழம்பு ஊத்திக்கினேன்."

அந்துவான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கேஸ் என்றபோதும் பென்ஷன் என்றபோதும் அப்படி வாடவில்லை. "பத்து வருஷமா தப்பா இருந்திருக்குதே," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். தலைவரிடம் அனுமதி கேட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆரோக்கியத்துக்கு நேரே இருந்த ஒன்றை அடித்து, விருந்தாளிக்கு நேரே மூன்று என்று எழுதினார். ஓரத்தில் தேதி போட்டு நோட்டை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். மனைவியைப் பார்த்து, "நீ சொல்லியிருக்கலாமே," என்றார் மெதுவாக. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சினீயர் விளக்கைப் பழையபடி திருப்பிவைத்துவிட்டு உட்கார்ந்தார். "எனக்கு இதுக்கு மேல சாட்சி வேணாம்," என்றார் தலைவர். ஏழு நோட்டையும் நகலெடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொன்னார். படகுத் திட்டம் அந்த வருடம் நின்றது. என்றைக்குமாக நின்றதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்துவான்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

என்மேல் போட்டார்கள். நான் அம்பாசமுத்திரம் போய்ச் சேருவதற்குள் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஆபீசுக்கு வந்துவிட்டது. விளக்கம் கேட்டார்கள், மூன்று பக்கம் எழுதினேன். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று. வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் பணிப்பதிவேட்டில் 'ஊசுட்டேரியைச் சேர்ந்த கிளுவை மூன்றினை உண்டமைக்காகக் கண்டிக்கப்படுகிறார்' என்று முத்திரையோடு ஏறியிருக்கிறது. அந்த ஏரியில் கிளுவை இருந்ததற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆவணம் அதுதான். நகலெடுத்துச் செலின் டீச்சருக்கு அனுப்பிவைத்தேன்.

அடுத்த தை மாதம் அந்துவானிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. கய்யேயின் ஒரு பக்கத்தைத் தமிழில் பார்த்து எழுதி அனுப்பியிருந்தார்.

காற்று வடகிழக்கு. தண்ணீர் இரண்டாம் படி. கிளுவை ஒரு பக்கம் நிறையவில்லை, ஆனால் போன வருடத்தைவிட நான்கு வரி கூடுதல். சுட்டது இல்லை. சாப்பிட்டது கத்தரிக்காய்க் குழம்பு. நான் ஒரு பங்கு, ஆரோக்கியம் ஒரு பங்கு, நேரில் பார்த்து எழுதியது. சேதம் இல்லை.

விருந்தாளி என்று எழுதி, அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தார். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன்.